மாமாவைச் சகித்துக்கொண்ட பெண்: உறவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசப் பழக ஒரு வழி

குன்னூரில் நான் நடத்தும் சாயங்கால ஆங்கில வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வெல்லிங்டனில் தாய்மாமா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்வந்தவள். வேலைக்கான நேர்காணல் ஒன்றில், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 'ஐ ஆம் புட்டிங் அப் வித் மை அங்கிள்' என்று பதில் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் சிரித்துவிட்டு, அவ்வளவு கொடுமைக்காரரா உங்கள் மாமா என்றாராம்.

'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தவள், மாமாவைச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அதிகம் சிரித்தது அத்தைதான். "நானும் இருபது வருஷமா அதைத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றாராம்.

அவளுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். நம்மில் பலருக்கும் இதே நிலைமைதான். பாங்கில், ஆபீசில், ஹோம்ஸ்டேயில் வேலை சம்பந்தமாக ஆங்கிலம் பேசிவிடுகிறோம். பேச்சு வேலையை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்பினால், அதாவது யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யார் யாரைக் கைவிட்டார், யார் என்ன சொல்லிச் சமாதானம் செய்தார் என்று வந்தால், நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று ஃப்ரேசல் வெர்ப், அதாவது சின்னச் சொல் ஒட்டிய கூட்டுவினை. இன்னொன்று ரிப்போர்ட்டிங் வெர்ப், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல உதவும் வினை. தினமும் இருபது நிமிடம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் இரண்டும் ஓரளவு கைக்கு வரும்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே வேண்டுமென்றேதான் தமிழ் எழுத்தில் தருகிறேன். இவை காதாலும் வாயாலும் படிய வேண்டியவை. ஸ்பெல்லிங்கை அப்புறம் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம்

"சார், 'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே. மேலே வைப்பது எப்படி சார் சகித்துக்கொள்வது ஆகும்?" இந்தக் கேள்வி ஒவ்வொரு புது வகுப்பிலும் வரும். நான் திருப்பிக் கேட்பேன்: "'போடு' என்றால் என்ன? 'கொடு' என்றால் என்ன? அப்படியென்றால் 'மேனேஜரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான்' என்பதில் எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்?" வகுப்பு சிரிக்கும். விட்டுக்கொடு, ஒத்துப்போ, காலை வாரு, கழட்டிவிடு, பார்த்துக்கொள் என்று நாள் முழுக்க நாமும் இப்படித்தான் பேசுகிறோம். எதையும் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. அண்ணனுக்குச் சொத்தை விட்டுக்கொடுத்தார் என்றால் முழுதாகக் காதில் விழுகிறது, முழுதாகப் புரிகிறது.

ஆங்கிலத்திலும் அதேதான். 1755-ல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் இந்தச் சின்னச் சொற்கள்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதிவிட்டார். ஆகவே திணறுவது நீங்கள் மட்டும் இல்லை. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரே பிறகுதான் பரவியது. 1925-ல் எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் அதை அச்சில் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி சொல்லித் தந்த பெயர் அது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

ஆகவே 'அப் என்றால் இது, அவுட் என்றால் அது' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். யாருக்கும் மறுநாள் நினைவில் நிற்கவில்லை.

ஐந்து விரலுக்கு ஐந்து பேர்

ஒரு நோட்டு எடுங்கள். உங்களுக்கு நெருங்கிய ஐந்து பேரை எழுதுங்கள். பெயர் வேண்டாம், உறவு போதும்: பாட்டி, அண்ணன், பள்ளித் தோழி, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு வரி எழுதுங்கள், வீட்டில் பேசுகிற மொழியில். என் வகுப்பில் ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, வரும் பிள்ளைகள் படுக மொழியில் யோசிப்பார்கள், கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மலையாளத்தில். அப்படியே எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தால் தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்ப வாழ்க்கையைச் சுருக்கிவிடுவோம். 'மை பிரதர் இஸ் எ குட் மேன்' என்று எழுதிவிட்டு, ஆறு மாதம் அவரோடு பேசாமல் இருந்ததை விட்டுவிடுவோம்.

எழுதி முடித்ததும், ஒட்டிநிற்கும் தமிழ் வினைகளுக்குக் கீழே கோடு போடுங்கள். அங்கேதான் ஆங்கிலக் கூட்டுவினை உட்காரப்போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

பாட்டியிலிருந்து தொடங்கலாம். வளர்த்து ஆளாக்கியது 'ப்ரிங் அப்'. 'மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்.' பாட்டியிடம் மதிப்பும் மரியாதையும் இருந்தால் 'ஐ லுக் அப் டு ஹெர்.' நீங்கள் பாட்டியை உரித்துவைத்திருந்தால், முகமோ குணமோ, 'ஐ டேக் ஆஃப்டர் ஹெர்.' மூத்த உறவின் சாயல் இளையவரிடம் இருந்தால் மட்டும்தான் இது. பாட்டி பேத்தியை 'டேக் ஆஃப்டர்' செய்வதில்லை.

கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு தம்பியின் தாத்தாவும் பாட்டியும், 1964-ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். தாத்தா முதலில் வந்துவிட்டார், பாட்டி இரண்டு வருடம் கழித்து வந்தார். இதைச் சொல்ல அவன் 'மை கிராண்ட்பேரண்ட்ஸ் ஸ்ப்ளிட் அப்' என்றான். கேட்பவர் விவாகரத்து என்றுதான் எடுத்துக்கொள்வார். கணவன் மனைவி, காதலர்கள் விஷயத்தில் 'ஸ்ப்ளிட் அப்', 'ப்ரேக் அப்' இரண்டும் உறவே முறிவதைக் குறிக்கும். சூழ்நிலை பிரித்துவைத்தது என்றால் 'தே வேர் செப்பரேட்டட் ஃபார் டூ இயர்ஸ்' என்று நேராகச் சொல்லிவிடலாம். இங்கே கூட்டுவினை தேவையே இல்லை. இலங்கையில் தங்கிவிட்ட உறவினர்களோடு கடிதம் குறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்பு விட்டுப்போனதை மட்டும் 'தே டிரிஃப்டட் அபார்ட்' என்று சொன்னான். அது கச்சிதம். சண்டை இல்லை, கோபம் இல்லை, ஆனால் விலகிப்போனார்கள். நம் 'விட்டுப்போச்சு' என்ற சொல்லின் அதே தொனி.

தோழிக்கு வருவோம். முதல் நாளே ஒட்டிக்கொண்டீர்கள் என்றால் 'வீ ஹிட் இட் ஆஃப்.' ஒத்துப்போகிறது என்றால் 'வீ கெட் ஆன் வெல்'. 'கெட் அலாங்' என்றாலும் அதுவே, அமெரிக்கர்கள் அதிகம் சொல்வது. மனஸ்தாபம் வந்து பேச்சு நின்றால் 'வீ ஃபெல் அவுட்.' எதை முன்னிட்டு என்றால் 'ஓவர்' சேருங்கள்: 'வீ ஃபெல் அவுட் ஓவர் மணி.' ராசியானால் 'வீ மேட் அப்.' பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் வராமலே போனால் 'ஷீ ஸ்டுட் மீ அப்.' நம்பி இருந்தபோது கைவிட்டால், காலை வாரினால், 'ஷீ லெட் மீ டவுன்.' மனம்விட்டுப் பேசினால் 'ஷீ ஓபன்ட் அப் டு மீ.'

'ஸ்டாண்ட் அப்' விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னால் வரும் குட்டிச் சொல் தலைவிதியை மாற்றுகிறது. 'ஷீ ஸ்டுட் அப் ஃபார் மீ' என்றால் எனக்காகப் பரிந்து பேசினாள். 'ஷீ ஸ்டுட் அப் டு மீ' என்றால் என்னை எதிர்த்து நின்றாள். 'ஷீ ஸ்டுட் மீ அப்' என்றால் என்னைக் காக்கவைத்துவிட்டு வரவில்லை. மூன்றையும் ஒரே தோழியை வைத்து எழுதிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒரே வாரத்தில் மூன்றையும் செய்யக்கூடிய தோழிகள் உண்டு.

அடுத்து நாத்தனார். இங்கே ஆங்கிலம் நம்மிடம் தோற்றுப்போகிறது. நாத்தனார், அண்ணி, கொழுந்தியாள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே 'சிஸ்டர்-இன்-லா'. ஓரகத்திக்கு 'கோ-சிஸ்டர்', சகலைக்கு 'கோ-பிரதர்' என்று நாம் சொல்வது தென்னிந்தியாவைத் தாண்டினால் பலருக்குப் புரியாது. 'மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர்ஸ் வைஃப்' என்று சுற்றி வளைக்கத்தான் வேண்டும். நாத்தனார் இளக்காரமாகப் பார்த்தால் 'ஷீ லுக்ஸ் டவுன் ஆன் மீ.' பொறுத்துப்போகிறீர்கள் என்றால், இப்போது சரியான இடத்தில், 'ஐ புட் அப் வித் ஹெர்.' தங்கியிருப்பதற்கு 'ஐ ஆம் ஸ்டேயிங் வித் மை அங்கிள்' போதும். மாமாவின் மானமும் தப்பிக்கும்.

காதல் சமாச்சாரத்தை வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவேன். சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: 'ஹீ ப்ரபோஸ்ட் மீ' இல்லை, 'ஹீ ப்ரபோஸ்ட் டு மீ.' 'மேரீட் வித்' இல்லை, 'மேரீட் டு.' நிச்சயதார்த்தம் முறிந்தால் 'தே ப்ரோக் ஆஃப் தி என்கேஜ்மென்ட்'. முகூர்த்தம் குறித்த பிறகு கல்யாணமே நின்றுபோனால் 'தே கால்ட் ஆஃப் த வெடிங்.'

ஆள் எங்கே உட்கார வேண்டும்?

'லெட் டவுன்' என்றால் 'லெட் மை சிஸ்டர் டவுன்' என்றும் சொல்லலாம், 'லெட் டவுன் மை சிஸ்டர்' என்றும் சொல்லலாம். ஆனால் 'ஹெர்', 'ஹிம்', 'மீ' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'லெட் ஹெர் டவுன்'. 'லெட் டவுன் ஹெர்' என்று யாரும் சொல்வதில்லை. 'ப்ரிங் அப்'பும் இப்படித்தான். காக்கவைத்து ஏமாற்றும் 'ஸ்டாண்ட் அப்'புக்கும் நடுவில் ஆள் உண்டு.

இதற்கு நேர்மாறாக, மேலே பார்த்தவற்றில் மூன்று சொற்கள் சேர்ந்த வினைகளை, 'லுக் அப் டு', 'லுக் டவுன் ஆன்', 'புட் அப் வித்', 'ஸ்டாண்ட் அப் ஃபார்', இவற்றைப் பிரிக்கவே கூடாது. ஆள் கடைசியில். 'டேக் ஆஃப்டர்' இரண்டே சொல் என்றாலும் பிரியாது. 'ஃபால் அவுட்', 'மேக் அப்', 'கெட் ஆன்' மூன்றுக்கும் ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'வித்' வேண்டும்: 'ஐ ஃபெல் அவுட் வித் ஹிம்', 'ஐ மேட் அப் வித் ஹிம்'. 'வித்' இல்லாமல் 'ஐ மேட் ஹிம் அப்' என்றால், அப்படி ஒரு ஆளே இல்லை, நானாகக் கற்பனை செய்தேன் என்று பொருள்.

வாயில் சேர்த்துச் சொல்லுங்கள்

பள்ளியில் புணர்ச்சி படித்தோம். கண் + இமை = கண்ணிமை. மெய்யில் முடிகிற சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஆங்கிலக்காரர்கள் சூத்திரம் படிக்காமலே இதைச் செய்கிறார்கள். 'ஃபெல் அவுட்' அவர்கள் வாயில் 'ஃபெல்லவுட்'. 'மேட் அப்' என்பது 'மேடப்'. 'ஸ்ப்ளிட் அப்' என்பது 'ஸ்ப்ளிட்டப்'. 'கெட் ஆன்' என்பது 'கெட்டான்'! ஒத்துப்போனவன் கெட்டான் என்று சொல்லி என் வகுப்பில் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

படம் பார்க்கும்போது இந்த வினைகள் காதில் பிடிபடாமல் போவதற்கு இதுதான் காரணம். எழுதினால் தெரிந்துவிடும், பேசினால் ஒரே சொல்லாக வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே முதல் வாரம் முழுக்க, எழுதிய ஒவ்வொன்றையும் ஐந்து தடவை சேர்த்து, சத்தமாகச் சொல்லுங்கள். அழுத்தம் பின்சொல்லில்: 'ஃபெல்-அவுட்' என்பதில் 'அவுட்' ஓங்கி ஒலிக்க வேண்டும். 'எ ப்ரேக்கப்' என்று பெயர்ச்சொல்லாகும்போது மட்டும் அழுத்தம் முன்னால் போய்விடும்.

யார் என்ன சொன்னார்?

இரண்டாவது வாரம் ரிப்போர்ட்டிங் வெர்ப். நம் தமிழ்தான் இதில் நம்மை மாட்டிவிடுகிறது.

தமிழில் 'என்று' இருக்கிறது. அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்து 'என்று' போட்டுவிட்டால் வேலை முடிந்தது: அண்ணன் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டு, வராதது நீயா அண்ணனா என்று யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் இதை அப்படியே பேசினால் குழப்பம். ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் ஒரு மாணவி விருந்தினரிடம் போனில், 'டிரைவர் செட் தட் ஐ ஆம் நாட் கமிங்' என்றாள். விருந்தினர், "பரவாயில்லை, நீங்கள் வராவிட்டால் என்ன, டிரைவரை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையத்தில் ஒரு மணி நேரம் நின்றார்.

சரியான வாக்கியம் 'ஹீ செட் தட் ஹீ வாஸ் நாட் கமிங்'. 'ஐ' என்பது 'ஹீ' ஆகிறது, 'ஆம்' என்பது 'வாஸ்' ஆகிறது. 'வில்' 'வுட்' ஆகும், 'யெஸ்டர்டே' 'த டே பிஃபோர்' ஆகும். பள்ளியில் பக்கம் பக்கமாகச் செய்த பயிற்சிதான், திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரு குறுக்குவழி. 'ஹீ ரெஃப்யூஸ்ட் டு கம்.' வர மறுத்துவிட்டார். ஒரே வெட்டு. 'ஐ'யா 'ஹீ'யா என்ற கேள்வியும் இல்லை, 'வில்'லா 'வுட்'டா என்ற கேள்வியும் இல்லை. சொன்ன வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அலையாமல், சொன்னவர் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறோம்: மறுத்தார், ஒப்புக்கொண்டார், மிரட்டினார், வாக்குக் கொடுத்தார். புதிதாகப் பேசுகிறவர்களுக்கு ரிப்போர்ட்டிங் வெர்ப் அலங்காரம் இல்லை, இலக்கணச் சுமையைக் குறைக்கிற தந்திரம்.

ஒரே நிபந்தனை, ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும் என்பது நிர்ணயமாகிவிட்ட ஒன்று. நம் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதில் பொருந்தினால்தான் ஏற்றத்தில் ஏறும். இந்த வினைகளுக்கும் அப்படிப் பல் உண்டு.

'டு' மட்டும் கேட்பவை: ப்ராமிஸ், ரெஃப்யூஸ், த்ரெட்டன், ஆஃபர், அக்ரீ. 'ஹீ ஆஃபர்ட் டு ஹெல்ப்.' ஆளையும் 'டு'வையும் சேர்த்துக் கேட்பவை: அட்வைஸ், வார்ன், ரிமைண்ட், பர்ஸ்வேட். சென்னையிலிருந்து வரும் தோழியிடம் இ-பாஸ் எடுக்கச் சொன்னீர்களா? 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் அது எடுக்க வேண்டுமே. 'ஐ ரிமைண்டட் ஹெர் டு கெட் தி இ-பாஸ்.' வேண்டாம் என்று சொன்னால் 'டு'வுக்கு முன்னால் 'நாட்': 'மை மதர் வார்ன்ட் மீ நாட் டு ட்ரஸ்ட் ஹிம்.'

'இங்' கேட்பவை: அட்மிட், டினை, சஜெஸ்ட். ஆளும் நடுவில் ஒரு குட்டிச் சொல்லும் பிறகு 'இங்'கும் கேட்பவை: 'அக்யூஸ்ட் மீ ஆஃப் லையிங்', 'ப்ளேம்ட் மீ ஃபார் லீவிங்', 'தாங்க்ட் மீ ஃபார் கமிங்'. 'அபாலஜைஸ்'ஸுக்கு ஆள் வேண்டுமென்றால் 'டு' வழியாகத்தான் வருவார்: 'ஹீ அபாலஜைஸ்ட் டு மீ ஃபார் லையிங்.' 'இன்சிஸ்ட்'டுக்கு 'ஆன்': 'ஷீ இன்சிஸ்டட் ஆன் பேயிங்.'

நம்மூரில் அதிகம் பல் உடைவது 'சஜெஸ்ட்'டில். 'ஷீ சஜெஸ்டட் மீ டு டாக் டு ஹிம்' என்று பத்துக்கு எட்டுப் பேர் சொல்வார்கள். 'அட்வைஸ்' அப்படி வரும், 'சஜெஸ்ட்' வராது. 'ஷீ சஜெஸ்டட் டாக்கிங் டு ஹிம்', அல்லது 'ஷீ சஜெஸ்டட் தட் ஐ டாக் டு ஹிம்'. அடுத்தது 'ஹீ டோல்ட் தட்'. 'டோல்ட்' என்றால் உடனே ஆள் வேண்டும்: 'ஹீ டோல்ட் மீ தட்'. ஆள் வேண்டாம் என்றால் 'ஹீ செட் தட்'. நமக்கு இரண்டுமே 'சொன்னான்' என்பதால் வருகிற வம்பு இது.

ஒரு சண்டையை முழுதாக மொழிமாற்றுவோம்

வகுப்பில் ஒருவர் கொண்டுவந்த கதை, ஆள் அடையாளத்தை மாற்றிவிட்டேன். அவரும் தங்கை புருஷனும் சேர்ந்து ஒரு டூரிஸ்ட் டாக்ஸி வாங்கி ஓட்டினார்கள். சீசன் முடிந்ததும் கணக்கில் இடித்தது. நடந்த பேச்சு இப்படி:

"மச்சான், ட்ரிப் காசை நீங்கதான் எடுத்திருக்கீங்க."
"நான் தொடவே இல்லை மாப்பிள்ளை."
"கணக்கைக் காட்டுங்க. இல்லாட்டி வண்டியை வித்துடுவேன்."
"அண்ணா, ஏங்க, ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க."
"டீசல் பில்லை எழுத மறந்தது நான்தான் அண்ணா."
"மச்சான், உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு."
"சரி விடுங்க மாப்பிள்ளை. இனிமே தினமும் கணக்கு எழுதிடறேன்."

நான்காவதும் ஐந்தாவதும் தங்கை பேசியது. இதை 'ஹீ செட்', 'ஐ செட்', 'ஷீ செட்' என்று ஏழு தடவை சொன்னால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். அவர் இறுதியில் சொன்னது இது:

'மை பிரதர்-இன்-லா அக்யூஸ்ட் மீ ஆஃப் டேக்கிங் த ட்ரிப் மணி. ஐ டினைட் டேக்கிங் இட். ஹீ த்ரெட்டண்ட் டு செல் த கார். மை சிஸ்டர் பர்ஸ்வேடட் அஸ் டு ஈட் ஃபர்ஸ்ட். தென் ஷீ அட்மிட்டட் ஃபர்கெட்டிங் டு ரைட் டவுன் த டீசல் பில். ஹீ அபாலஜைஸ்ட் ஃபார் டவுட்டிங் மீ, அண்ட் ஐ ப்ராமிஸ்ட் டு ரைட் தி அக்கவுண்ட்ஸ் எவ்ரி டே. வீ ஃபெல் அவுட் ஓவர் மணி அண்ட் மேட் அப் ஓவர் லஞ்ச்.'

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். முன்னால் வந்தவை எல்லாம் யார் என்ன சொன்னார் என்பது. கடைசியில் இரண்டே கூட்டுவினை, உறவுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் நோட்டில் உள்ள ஐந்து பேரில் ஒருவரோடு நடந்த ஒரு சண்டையை இப்படியே செய்யுங்கள். முதலில் தமிழில் பேச்சு மட்டும், ஆறேழு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அவர் பேசியதன் மூலம் செய்தது என்ன என்று ஒரே தமிழ்ச் சொல்: குற்றஞ்சாட்டினார், மறுத்தேன், மிரட்டினார். அப்புறம்தான் ஆங்கிலம். நடுவில் உள்ள அந்தத் தமிழ்ச் சொல்லைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லாரும் திரும்ப 'செட்'டிலேயே வந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் எடையையும் பாருங்கள். 'அட்மிட்டட்' என்றால் தப்பு நடந்தது உறுதி என்று நீங்களும் சேர்ந்து தீர்ப்புச் சொல்கிறீர்கள். 'க்ளெய்ம்ட்' என்றால் அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்ற வாடை அடிக்கும். விருந்தினர் அறையில் வெந்நீர் வரவில்லை என்று சொன்னதை முதலாளிக்கு 'த கெஸ்ட் க்ளெய்ம்ட்' என்று மெயில் எழுதி, அதை விருந்தினரும் படிக்க நேர்ந்தால் வம்பு. தமிழில் 'சொன்னார்' என்பதற்கும் 'சாதித்தார்' என்பதற்கும் உள்ள தூரம்தான். சந்தேகமாக இருந்தால் 'செட்' போதும், அதில் யாருக்கும் மனக்கசப்பு வராது.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் சகஜமாகச் சொல்லும் சில கூட்டுவினைகள் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2022' என்றால் நமக்குப் படிப்பு முடித்தது, வெளியாருக்கு மயங்கி விழுந்தது. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாம், 'கோப் வித்' மட்டும்.

மூன்றாவது வாரம்: நோட்டை மூடிவிட்டுப் பேசுவது

இதற்கு ஒரு துணை வேண்டும். தோழியோ, தம்பியோ, யாரும் கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் வாய்ஸ் நோட்டோ. பேசிப் பதிவு செய்யுங்கள், இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால் தப்பு காதில் விழாது. கேட்கும்போது மூன்றே விஷயம் பாருங்கள்: 'ஹெர்', 'ஹிம்' சரியான இடத்தில் உட்கார்ந்ததா, வினையின் பல் பொருந்தியதா, 'அவுட்'டும் 'அப்'பும் ஓங்கி ஒலித்ததா. உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இல்லையே என்ற கவலையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

குன்னூர், ஊட்டிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனால் நடுவில் வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நான்கு ஸ்டேஷன். ஒரு உறவின் கதையை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெல்லிங்டன் வருவதற்குள் எப்படிச் சந்தித்தார்கள், எப்படி ஒட்டிக்கொண்டார்கள். அருவங்காடு வரை ஒத்துப்போனது, ஒருவர் மற்றவருக்காகப் பரிந்து பேசியது. கேத்திக்குள் சண்டை மூண்டுவிட வேண்டும். கேத்தியிலிருந்து லவ்டேல் வரை ரிப்போர்ட்டிங் வெர்ப் மட்டும், 'செட்' என்ற சொல் வாயில் வந்தால் அடுத்த வர்க்கிப் பாக்கெட் உங்கள் செலவு. லவ்டேல் தாண்டியதும் 'மேட் அப்'பா 'ஸ்ப்ளிட் அப்'பா என்று முடிவு சொல்லிவிட்டு ஊட்டியில் இறங்கலாம். பஸ்ஸிலும் செய்யலாம், கொண்டை ஊசி வளைவில் வயிறு ஒத்துழைத்தால்.

சொந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால் உறவுமுறையை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். எதிர் சீட்டில் இருப்பவர் உங்கள் நாத்தனாரின் சம்பந்தியாக இருக்கக்கூடும். வெல்லிங்டனில் ஏறுகிறவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் என்றால், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உங்கள் 'சஜெஸ்டட் மீ டு' உட்பட எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வருவார்.